கோவிச்சுக்கிட்ட மாமா

மூளைகளுக்குப் பட்டப்பெயர் வைத்தது யார் என்று விசாரணை வந்தபோது படக்காரி ஜாடிக்காரரைக் காட்டினாள். ஜாடிக்காரர் படக்காரியைக் காட்டினார். இருவர் சொன்னதும் உண்மை.

மருத்துவக் கல்லூரியின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்தச் சேகரிப்பு. நான் போன பிறகு எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தவர்களின் மூளைகள், கண்ணாடி ஜாடிகளில், அலமாரி அலமாரியாக. பூட்டிக் கிடந்ததை இணையத்தில் ஏற்ற வேண்டும், எங்கோ இருக்கும் மாணவர்களும் ஆய்வாளர்களும் திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று துறைத்தலைவி ஒற்றைக்காலில் நின்றார். அந்த வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்தவள் படக்காரி. முன்பு கல்யாணங்களுக்குப் படம் எடுத்தவள். "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிச் சொல்லித் தன் சிரிப்பைத் தொலைத்திருந்தாள். வைத்த இடத்தில் அசையாமல் இருக்கும் ஆட்கள் கிடைத்தது வரம் என்று நினைத்தாள்.

அசையாமல் இருப்பார்கள் என்று நினைத்ததுதான் தப்பு.

ஜாடிகளைப் பராமரிக்கும் ஜாடிக்காரர் மூளையை வெளியே எடுப்பார். மருந்து நெடி போகத் தண்ணீரில் போடுவார். மெல்லிய காகிதத்தால் ஒற்றிச் சுழலும் தட்டின்மேல் வைப்பார். ஈரம் மிச்சமிருந்தால் விளக்கு பட்டுப் பளபளக்கும். அதிகம் ஒற்றினால் காய்ந்து நிறம் மாறும். கறுப்புத் துணிக்கு முன்னால் தட்டு நின்று நின்று சுழலும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு படம். ஒவ்வொரு மூளைக்கும் ஒரு பட்டியல் எண் உண்டு. அது சரக்கு ரயில் மாதிரி நீளம். இரண்டு கையிலும் மூளையை ஏந்தி நிற்பவரிடம் அதைச் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் முழங்கை வரை வழிந்துவிடும்.

அதனால் சொந்தம் கொண்டாடினார்கள். மேலுறையை உரிக்காமல் வழவழவென்று விட்டது வழுக்கைப் பெரியப்பா. சுருங்கி, மடிப்புகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது மெலிஞ்ச சின்னம்மா. ஓரத்தில் பட்டாணி அளவுக் கட்டி இருந்தது பட்டாணி மச்சான்.

ஒரு மூளையை யாரோ எந்தக் காலத்திலோ நூலில் தொங்கவிடாமல் ஜாடியின் அடியில் உட்காரவைத்துப் பதப்படுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. எப்படி நிறுத்தினாலும் மெல்லச் சாய்ந்து, கேமராவுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொள்ளும். நாலு பக்கமும் முட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். ம்ஹும்.

"என்ன, மறுபடியும் கோவமா?" என்றார் ஜாடிக்காரர்.

அன்றிலிருந்து அது கோவிச்சுக்கிட்ட மாமா.

படக்காரி கணினியிலும் கோப்புகளுக்கு அதே பெயர்களை வைத்தாள். தளத்தில் 'தலைப்பு' என்றொரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் பட்டியல் எண் தானாக வந்துவிடும் என்று நினைத்து விட்டுவிட்டாள். தானாக வந்தது கோப்பின் பெயர். தளம் திறந்த காலையில் வழுக்கைப் பெரியப்பாவும் மெலிஞ்ச சின்னம்மாவும் உலகத்துக்கே உறவாகிவிட்டார்கள்.

துறைத்தலைவி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கோபம் அவ்வளவுதான், அதற்குமேல் யாரும் பார்த்ததில்லை.

"உடனே மாத்து."

"மாத்திடறேன் மேடம்."

அதற்குள் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. வேறொரு கல்லூரி ஆசிரியர் எழுதியிருந்தார்: என் மாணவர்கள் முதல் தடவையாக ஒரு கட்டியைச் சரியாக அடையாளம் காட்டினார்கள், பட்டாணி மச்சானுக்கு நன்றி. மொழி தெரியாத தேசத்து ஆய்வாளர் ஒருவர் கேட்டிருந்தார்: 'பெரியப்பா' என்பது மூளையின் எந்தப் பகுதி, எங்கள் பாடநூலில் இல்லையே. துறைத்தலைவி பதில் எழுதினார்: எல்லா மூளையிலும் இருப்பதில்லை.

எழுதிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இந்த வாரம் போகட்டும், அப்புறம் மாத்தலாம்."

அந்த வாரம்தான் தொலைபேசி அடித்தது.

"மாமா படம் போட்டது நீதானாம்மா?" பின்னால் தையல் மெஷின் ஓடி நின்றது. "அது என் வீட்டுக்காரர்."

தானமாக வந்த மூளை யாருடையது என்பது துறைத்தலைவியின் பூட்டிய அலமாரிக்கு மட்டுமே தெரியும். குடும்பத்துக்குத் தங்கள் ஆள் அந்தச் சேகரிப்பில் எங்கோ இருக்கிறார் என்பது தெரியும், எந்த ஜாடி என்பது தெரியாது.

"எப்படிம்மா சொல்றீங்க?" என்றாள் படக்காரி.

"கட்டிக்கிட்ட நாள்லேருந்து பாத்த முதுகும்மா அது. கோவம் வந்தா சுவத்தப் பாத்துப் படுத்துக்குவார். உலகமே இடிஞ்சாலும் திரும்பமாட்டார். இப்பவும் அப்படியேதான் இருக்கார், கட்டையில போயும் திருந்தல. தினம் காலையில மெஷின்ல உக்காரறதுக்கு முன்னாடி அவரைத் திறந்து ரெண்டு வார்த்தை திட்டிட்டுத்தான் மறுவேலை. எனக்குக் கோவம் வந்தா நானே விரலால தள்ளிச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சுடறேன். உயிரோட இருந்தப்ப இந்த வசதி இல்ல."

படக்காரி ஓடிப்போய்க் கல்லூரியின் சட்ட ஆலோசகரைக் கேட்டாள். எல்லோரும் அவரைச் சட்டம் என்றே அழைத்தார்கள். சட்டம் வந்தாச்சா, சட்டம் டீ குடிக்கப் போயிருக்கு என்று.

"ஆமான்னு சொல்லக்கூடாது," என்றார் சட்டம். "இல்லைன்னும் சொல்லக்கூடாது. இல்லைன்னு சொன்னாலும் அது ஒரு தகவல்."

"அப்ப என்னதான் சார் சொல்றது?"

"நன்றி சொல்லுங்க."

சொன்னாள். தையல்காரம்மா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். நன்றி சொல்பவர்கள் வேறு எதற்குச் சொல்வார்கள்?

இரண்டு நாள் கழித்து இன்னொரு குரல். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வுபெற்றவர். கண்ணாடி ஓட்டை வழியாகப் பேசிப் பேசிப் பழகியதில் வாக்கியம் நீளாது.

"கோவிச்சுக்கிட்ட மாமா. என் வீட்டுக்காரர். சரியா?"

"நன்றிம்மா."

"வெயிட்டிங் லிஸ்ட் மாதிரிப் பேசாதீங்க. கன்ஃபர்மா இல்லையா?"

"ரொம்ப நன்றிம்மா."

"சரி, கன்ஃபர்ம்," என்று டிக்கெட் அம்மா வைத்துவிட்டார்.

தளத்தில் ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஆய்வாளர்கள் குறிப்பு எழுத ஒரு பெட்டி இருந்தது. மாமாவின் பெட்டியில் ஒரு நரம்பியல் மாணவர் பின்புற மடல் பற்றி ஏதோ கேட்டிருந்தார். அதற்குக் கீழே தையல்காரம்மா: 'அவருக்குக் காலையில் வெளிச்சம் ஆகாது. படத்தைக் கொஞ்சம் இருட்டாக வைக்கவும்.' அதற்குக் கீழே டிக்கெட் அம்மா: 'யாருக்கு ஆகாது? அவர் விடியும் முன்பே எழுந்துவிடுவார். நீங்கள் யார்?' அதற்குக் கீழே இரண்டு பேரும், இரண்டு பேரும், இரண்டு பேரும். நடுவில் நரம்பியல் மாணவர் ஒருமுறை, 'பின்புற மடல் பற்றி யாராவது?' என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சட்டம் அதைப் படித்தார். நெறிமுறைக் குழு வியாழக்கிழமை கூடும், தளத்தை மூடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் என்று அறிவிப்பு வந்தது. படக்காரியின் ஒப்பந்தத்தை நீட்டிப்பதும் அதே குழு, அதே நாள். தளம் மூடினால் படம் எதற்கு, படக்காரி எதற்கு? மறுபடி மாலையும் கழுத்துமாக நிற்பவர்களிடம் சிரிக்கச் சொல்லிக் கெஞ்சவேண்டியதுதான்.

இரண்டு பெண்களில் யார் சொல்வது உண்மையாக இருக்கும் என்று அவளுக்கும் அரிப்பு. தளத்தில் காட்டாத தகவல் கொஞ்சம் அவளிடம் இருந்தது. பெயர் இல்லை, வயதும் பாலினமும் மட்டும். பட்டியல் எண்களோடு வந்தவை, அனுமதி கிடைக்கும் வரை மறைத்து வைத்திருந்தாள். மாமாவின் வரிசையைத் தேடி விரலை ஓட்டினாள். நிறுத்தினாள். மறுபடி ஓட்டினாள்.

பெண்.

ஜாடிக்காரரிடம் போய்க் காதில் சொன்னாள். அவர் கையிலிருந்த ஈரக் காகிதம் தொப்பென்று விழுந்தது.

"பொம்பளையா? ஐயோ, ரெண்டு வருஷமா மாமா மாமான்னு கூப்ட்டிருக்கேனே! அதான் திரும்பிக்கிட்டாங்க. யாரா இருந்தாலும் கோவம் வரத்தானே செய்யும்?"

"மூச்சு விடாதீங்க அண்ணே."

"நான் ஏன் விடறேன்? எனக்கே வெக்கமா இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் மாமியார் அவள் முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டார். அவர் பழைய கடிகாரங்களைப் பழுதுபார்ப்பவர். எது நின்றுபோயிருந்தாலும் திறந்து பார்க்காமல் விடமாட்டார். படக்காரி எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நானும் எழுதிக் குடுக்கலாம்னுதான் இருந்தேன்," என்றார் மாமியார். "ஆனா எனக்கு நீ என்ன பேர் வெப்பேன்னு முன்னாடியே சொல்லிடணும்."

"அத்தை, உங்களுக்குப் பேர் வெக்கற தைரியம் எனக்கு இருக்கா?"

"அப்ப போன்ல உன் தங்கச்சிகிட்ட 'அலாரம்'னு சொன்னது யாரை?"

படக்காரி அடுப்பைப் பார்த்தாள். பால் பொங்கவில்லை. பொங்கினால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி விடு," என்றார் மாமியார். "இப்படிப் பாரு. இல்லைன்னு சொன்னா சட்டத்துக்குக் கோவம், உன் வேலை போகும். சொல்லலைன்னா அந்த ரெண்டு பேரும் அடிச்சுக்குவாங்க, தளம் போகும். தளம் போனாலும் உன் வேலை போகும். எப்படியும் போற வேலைக்கு எதுக்கு வாயைக் கட்டணும்?"

வியாழக்கிழமை குழு கூடியது. நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், சுவரில் ஒரு பெரிய திரை. தலைவர் ஒரு பல் டாக்டர். எதிரில் இருப்பவர் பதில் பேச முடியாத நிலையிலேயே வாழ்நாளெல்லாம் பேசியவர். அதனால் குழு கூப்பிட்டிருந்த தையல்காரம்மாவும் டிக்கெட் அம்மாவும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியதும் திகைத்துப்போய்ப் பேனாவை மூடினார்.

திரையில் மூளை சுழன்றுகொண்டிருந்தது. சுழன்று முடிந்து, வழக்கம்போல முதுகைக் காட்டி நின்றது.

"பாருங்க, பாருங்க," என்றார் தையல்காரம்மா. "இது அவரேதான். ஒரு தடவை சட்டைக்குப் பட்டன் கலர் மாத்தித் தெச்சுட்டேன்னு ஒரு வாரம் பேசல."

"ஒரு வாரமா?" டிக்கெட் அம்மா சிரித்தார். "அதுக்குப் பேர் கோவம் இல்ல, லீவு. எங்க வீட்டுல ஒரு மாசம். டிவி ரிமோட்டை நான் ஒளிச்சு வெச்சுட்டேன்னு. கடைசில பாத்தா அவரே அதுமேல உக்காந்திருக்கார்."

"ஒத்துக்கிட்டாரா?"

"அவரா? சோபா மேல கோவிச்சுக்கிட்டார்."

"பேசாம எப்படிச் சோறு கேப்பார்?"

"தட்டைத் தட்டுவார்."

தையல்காரம்மாவின் முகம் ஒரு கணம் இளகியது. "எங்க வீட்டுலயும் தட்டுதான். ஸ்பூனாலயா, கையாலயா?"

"ஸ்பூன்."

"கை," என்றார் தையல்காரம்மா பெருமையாக. "சத்தம் கம்மியாத்தான் வரும். ஆனா விடமாட்டார்."

சட்டம் எழுந்து நின்றார். "பாத்தீங்களா சார்? ரெண்டு குடும்பம், ஒரு உறுப்பு. இன்னைக்கு இந்த ரூம்ல, நாளைக்கு கோர்ட்ல. பட்டப்பெயர் வெச்சதால வந்த வினை. மூடிடறது நல்லது."

பல் டாக்டர் பேனாவைத் திறந்தார். துறைத்தலைவி கண்ணாடியைக் கழற்றினார். ஜாடிக்காரர் கதவோரம் நின்று கூரையைப் பார்த்தார். பேனா காகிதத்தைத் தொடும் நேரம் பார்த்துப் படக்காரிக்குத் தொண்டை திறந்தது.

"சார். அது மாமா இல்ல."

எல்லோரும் திரும்பினார்கள். மூளை மட்டும் திரும்பவில்லை.

"பின்னே?"

"பொம்பளை சார்."

சட்டம் மேசையைத் தட்டினார்.

"நான் என்ன சொன்னேன்?" சட்டத்தின் குரல் கீச்சிட்டது. "இல்லைன்னு சொல்லக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"எழுதிக்குங்க. அடையாளத்தை வெளியிட்டுட்டாங்க."

"யாரோட அடையாளத்தை?" என்றார் துறைத்தலைவி. "உலகத்துல பாதிப் பேர் பொம்பளைங்க. அதுல ஒருத்தி. எங்க, யாருன்னு கண்டுபிடிங்க பாப்போம்."

சட்டம் வாயைத் திறந்தார். பல் டாக்டர் பழக்கதோஷத்தில் உள்ளே எட்டிப் பார்த்தார். அங்கே பதில் இல்லை.

டிக்கெட் அம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். மூக்கு இடிக்கும் அளவுக்குப் பார்த்தார். "பொம்பளையா?"

தையல்காரம்மா உட்கார்ந்த இடத்திலேயே மெதுவாகச் சொன்னார். "அதான் நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது.

"அப்ப அவர் எங்க?"

இதற்கு நன்றி சொல்ல முடியாது. படக்காரி அவர் பக்கத்தில் வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"உள்ளேதாம்மா இருக்கார். எந்த ஜாடின்னு எனக்கும் தெரியாது. ஆனா நாங்க தொடாத ஜாடி ஒண்ணுகூடக் கிடையாது. எல்லாரையும் கழுவி, துடைச்சு, விளக்குப் போட்டுப் படம் எடுத்தாச்சு. அவரும் அதுல ஒருத்தர்."

"அவர் கோவிச்சுக்கலையா?"

"இல்லம்மா. இவங்களைத் தவிர யாரும் கோவிச்சுக்கல."

"அப்ப பரவாயில்ல," என்றார் தையல்காரம்மா. முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "யாரு பெத்த பொண்ணோ. தினம் காலையில எழுப்பித் திட்டியிருக்கேன்."

"நானும்தான்," என்றார் டிக்கெட் அம்மா.

"நீ என்ன சொல்லித் திட்டினே?"

"இங்க சொல்ற மாதிரி இல்ல."

தையல்காரம்மா மரியாதையாகத் தலையாட்டினார்.

சட்டம் கடைசியாக ஒரு வழி சொன்னார். மூட வேண்டாம், பெயர்களை எடுத்துவிடலாம், எண் மட்டும் போடலாம்.

"நம்பரா?" டிக்கெட் அம்மா அவர் பக்கம் திரும்பினார். "என் காலமெல்லாம் பெட்டி நம்பர், சீட் நம்பர்னு குடுத்தே போச்சு சார். ஒரு நம்பரையாவது நிக்க வெச்சுத் திட்ட முடிஞ்சுதா? காலையில எந்திரிச்சு யார்கிட்ட சார் பேசறது?"

பல் டாக்டருக்கு மதியம் ஆனால் பொறுமை இருக்காது. முடிவை எழுதச் சொன்னார். தளம் இருக்கும். பெயரும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு பெயரையும் குடும்பங்கள் சார்பில் இரண்டு பேர் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று சரிபார்த்த பிறகுதான் உறவுமுறைப் பெயர் வைக்க வேண்டும். இதற்கு ஒரு துணைக்குழு.

"பொறுப்பு யார் சார்?" என்றார் துறைத்தலைவி.

"சட்டம்தான்."

"சார், எனக்கு வேற வேலை—"

"உக்காருங்க. வலிக்காது."

குடும்பங்கள் சார்பில் இரண்டு பேர் ஏற்கெனவே அறையில் இருந்தார்கள். முதல் பெயரை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம் என்றார் தலைவர், சட்டென்று முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில்.

கோவிச்சுக்கிட்ட அத்தை என்றார் ஜாடிக்காரர் கதவோரமிருந்து. அத்தை வேண்டாம், வயசான மாதிரி இருக்கு என்றார் தையல்காரம்மா. அக்கா என்றார் துறைத்தலைவி. அக்காவை இப்படியா திட்டுவார்கள் என்றார் டிக்கெட் அம்மா. அண்ணி, தங்கச்சி, சித்தி எல்லாம் வந்து போயின. சட்டம்கூட ஒன்று சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. வெளியே மதிய இடைவேளை முடிந்து மாணவர்கள் வகுப்புக்குத் திரும்பினார்கள்.

தையல்காரம்மா திடீரென்று நிமிர்ந்தார்.

"இவ யாருன்னு தெரியாது. நம்ம வீட்டுக்காரங்க கூடவே ஒரே அலமாரியில இருக்கா. நாம ரெண்டு பேரும் தினம் இவகூடச் சண்டை போட்டிருக்கோம். இவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. இதுக்கு நம்ம ஊர் வழக்கத்துல என்ன பேரு?"

டிக்கெட் அம்மாவுக்கு யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

"நாத்தனார்."

"எழுதும்மா," என்றார் தையல்காரம்மா படக்காரியிடம். எழுதினாள். யாரும் எதிர்க்கவில்லை. திரையில் இருந்தவள் எப்போதும்போல முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெயருக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

பல் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு பேருக்கே இவ்வளவு நேரமா? மத்ததெல்லாம் எப்ப முடியும்?"

"தெரியல சார்," என்றார் துறைத்தலைவி அப்பாவியாக. "முடியற வரைக்கும் இந்தப் பொண்ணு வேணும். படத்தை ஏத்தி இறக்க, பேரை மாத்த..."

"எவ்வளவு காலத்துக்கு?"

துறைத்தலைவி இரண்டு பெண்களையும் காட்டினார். அவர்கள் நாத்தனாருக்கு முன்னால் 'கோவிச்சுக்கிட்ட' வேண்டுமா, அது நாத்தனாரிலேயே அடங்கிவிடுகிறதா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் பெருமூச்சு விட்டு, ஒப்பந்தத் தாளில் முடியும் தேதிக்கான இடத்தை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

படக்காரி அடுத்த மூளையைத் திரைக்குக் கொண்டுவந்தாள். தூங்குமூஞ்சிச் சித்தப்பா. முதலில் பாலினத்தைப் பார்த்தாள்.

"ஆண்," என்றாள் உரக்க.

தையல்காரம்மாவும் டிக்கெட் அம்மாவும் பேச்சை நிறுத்தி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்கள்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பும்மா," என்றார் ஒருவர்.

"இல்ல இல்ல, அந்தப் பக்கம்."

"வெளிச்சத்துல சரியாத் தெரியல."

சட்டம் எழுந்துபோய் விளக்கை அணைத்தார்.